கிண்ணியா வயலில் நீங்கள் கண்டது காடையே இல்லை

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் மாமாவின் வயலில் பெரும்போக வெட்டு முடிந்த கையோடு வரம்போரம் நடந்தபோது, மங்கலான ஒரு சின்னக் காடை நான்கு குஞ்சுகளை இழுத்துக்கொண்டு போனதாம். கொஞ்சம் தள்ளி, கழுத்து கறுத்த, அதைவிடப் பெரிய இன்னொன்று புல்லுக்குள் ஓடி மறைந்ததாம். முதலாவது தாய், மற்றது சேவல் என்று எழுதியிருக்கிறீர்கள். கடையில் முட்டை விற்கிறார்களே, அந்தக் காடையின் காட்டு இனம்தானே இது, குஞ்சுகளைப் பிடித்து வளர்த்தால் முட்டை போடுமா என்பது கேள்வி.

சுருக்கமான பதில்: அது காடை இல்லை. மங்கலானது தாய் இல்லை. கறுத்தக் கழுத்துக்காரி சேவல் இல்லை. வளர்க்கவும் சரிவராது. நான்கும் பிழை. கோபிக்க வேண்டாம், தம்பலகாமத்தில் வயலோடு வளர்ந்த எனக்கே இது இருபத்தைந்து வயது வரை தெரியாது. ஊரில் எல்லோரும் காடை என்றுதான் சொல்கிறோம், சொல்லிவிட்டுப் போகட்டும், ஆனால் இந்தப் பறவையின் கதை உண்மையான காடையின் கதையைவிடச் சுவாரசியம் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

இதைக் குறுங்காடை என்று வைத்துக்கொள்வோம். விஞ்ஞானப் பெயர் டர்னிக்ஸ் சஸ்கிடேட்டர். 1789இல் கிமெலின் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர். இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் எழுப்புகிறவன், கிளப்பிவிடுகிறவன் என்று பொருள், ஏன் என்பது அதன் சத்தத்தைக் கேட்டால் விளங்கும், பிறகு வருகிறேன். இந்தியாவின் பெரும்பகுதி, இலங்கை, பர்மா, தாய்லாந்து, தாய்வான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வரை பரந்து கிடக்கிற பறவை. இலங்கையில் இருப்பதைத் தனி உள்ளினமாகப் பிரித்து ‘லெக்கை’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். லெக் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரியாக இங்கே இருந்தவர், பிறந்தது தஸ்மானியாவில், பட்டாளத்து வேலையோடு வேலையாக இலங்கைப் பறவைகளைப் பற்றி 1878 முதல் 1880 வரை ஒரு பெரிய நூலை வெளியிட்டார். பீரங்கிக்காரருக்குக் காடையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் பறவை பார்ப்பதென்றால் சுட்டு எடுத்துப் பார்ப்பதுதான்.

சரி, தோற்றத்துக்கு வருவோம். நீளம் ஏறத்தாழ 15 சென்றிமீற்றர். சிட்டுக்குருவியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆனால் சிட்டுக்குருவியின் நீளத்தில் ஒரு பங்கு வால். இதற்கு வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், உடம்பு முழுக்க ஒரு உருண்டை. ஆண் 50 கிராமுக்கு மேல் போவது அரிது. பெண் 60 கிராமையும் தாண்டும், அதாவது ஒரு கோழி முட்டையின் பாரம். முதுகு செம்மண்ணும் காய்ந்த வைக்கோலும் கலந்த மாதிரி, கபிலமும் கறுப்பும் வெளிர்மஞ்சளுமாகக் கீற்றுக் கீற்றாக இருக்கும். நெஞ்சிலும் பக்கங்களிலும் கறுப்புக் குறுக்கு வரிகள். அடிவயிறு செம்மஞ்சள். அலகும் காலும் நீலம் கலந்த சாம்பல், கண் வெளிறியது, ஏறக்குறைய வெள்ளை. இந்த வெள்ளைக் கண்ணை ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள், அந்த உருண்டை முகத்தில் எப்போதும் ஒரு திடுக்கிட்ட பார்வை இருக்கும்.

பெண்ணுக்குத் தாடையிலிருந்து தொண்டை வழியாக நெஞ்சின் நடுவரை ஒரு கறுப்புப் பட்டை இறங்கும். ஆணுக்கு அது இல்லை, தொண்டை வெளிறி, வரிகளோடு மட்டும் நிற்கும். ஆக, பெரியதும் அழகானதும் பெண். மங்கலும் சிறியதும் ஆண். மயிலையும் கோழியையும் பார்த்துப் பழகிய கண் இதைத் தலைகீழாகத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய ‘சேவல்’தான் அம்மா. குஞ்சுகளோடு போனது அப்பா.

கையில் கிடைத்தால் இன்னொரு அடையாளம் இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் உறுதியானது. காலைப் பாருங்கள். கோழிக்கும் உண்மையான காடைக்கும் முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. இதற்குப் பின்விரல் கிடையாது. மூன்றே மூன்று. மரக்கிளையைப் பற்றிப் பிடிக்கிற வேலை இதற்கு ஒருபோதும் இல்லை, பிறப்பு முதல் சாவு வரை தரைதான். கோழிக்கு இருப்பதுபோன்ற இரைப்பையும் கழுத்தடியில் இல்லை. வயலில் சேறு காய்கிற நேரம் வரம்பின் கீழே மூன்று விரல் மட்டும் பதிந்த சின்னச் சின்னச் சுவடுகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் சுவட்டை மட்டும் வைத்துச் சாதிக்க வேண்டாம், உண்மையான காடையின் பின்விரலும் சின்னதுதான், ஈரம் போதாவிட்டால் பதியாது.

அப்படியென்றால் இது என்ன சாதி? இங்கேதான் எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. நீண்ட காலம் இதைச் சாரசக் கொக்கு வகைகளுக்கும் நீர்க்கோழிகளுக்கும் பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார்கள். இடையில் சிலர் இதற்கென்று தனி வரிசையே (பல பறவைக் குடும்பங்களைச் சேர்த்த பெரிய பிரிவு) ஒதுக்கினார்கள். 2000களில் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, கடற்காகமும் ஆலாவும் ஆட்காட்டியும் உள்ளானும் சேர்ந்த வரிசைக்குள் இது போய் விழுந்தது. அதிலும் கடற்காகமும் ஆலாவும் இருக்கிற கிளையின் பக்கம். கொட்டியாரக் குடாவில் மீன்வள்ளத்தின் பின்னால் கத்திக்கொண்டு வருகிறதே, அந்த ஆலா இதற்குத் தூரத்துச் சொந்தம். கோழி சொந்தமே இல்லை. ஒன்று கடலுக்கு மேலே நாள் முழுக்கப் பறக்கும், மற்றது பறக்கச் சொன்னால் இருபது முப்பது யார் தூரம் போய் தொப்பென்று விழும். புல்லுக்குள் பதுங்கி, தானியம் பொறுக்கி, தரையில் முட்டையிட்டு வாழ்கிற பிழைப்பு இரண்டு வேறு குடும்பங்களுக்கு ஒரே உடுப்பைத் தைத்துக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். காடை மாதிரி இருப்பதால் காடை இல்லை.

சத்தத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் பெரியப்பாவோடு வயல் காவலுக்கு வாடியில் படுத்திருக்கிறேன். விடியப் பார்க்கிற நேரம், தூரத்தில் யாரோ லேண்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு மெசின்) ஸ்டார்ட் பண்ணி விட்டுவிட்டுப் போன மாதிரி ஒரு உறுமல். ட்ர்ர்ர்ர்ர்ர் என்று பத்து, பதினைந்து செக்கன் போகும், நிற்கும், மறுபடி. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. இடது பக்கம் என்று நினைத்துத் திரும்பினால் வலது பக்கம் கேட்கும். பெரியப்பா ‘அது காடை அடிக்குது, படு’ என்றார். நான் நம்பவில்லை, ஒரு கைப்பிடிப் பறவைக்கு அவ்வளவு சத்தம் எங்கே இருந்து வரும்? அப்புறம் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. கத்துவது பெண். அதன் மூச்சுக்குழல் ஆணுடையதைவிடப் பெருத்தது, உணவுக்குழலையும் காற்றால் ஊதிப் பெருக்கிக்கொள்ளும். அந்த ஊதிய குழல் ஒரு குடம் மாதிரி வேலை செய்கிறது. உறுமல் தொடங்குமுன் ஹூம், ஹூம், ஹூம் என்று அடித்தொண்டையில் மூன்று நான்கு தடவை முனகும், அதைக் கிட்ட நின்றால்தான் கேட்கலாம். தாழ்ந்த சத்தம் புல்லுக்குள் தேயாமல் தூரம் போகும், அதே காரணத்தால் திசையும் பிடிபடாது. ஆணைக் கூப்பிடுவதும் இதே சத்தம்தான், பக்கத்து வயல்காரியைச் சண்டைக்கு இழுப்பதும் இதே சத்தம்தான்.

குடும்ப வாழ்க்கையைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் கோபம் வரும். பெண் ஒரு இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உறுமும். ஆண் ஒன்று வரும். சேரும், முட்டை போடும், வழக்கமாக நான்கு, சில நேரம் மூன்று. முட்டை ஒரு அங்குலத்துக்கும் சற்றுக் குறைந்த நீளம், சாம்பல் வெள்ளையில் சிவந்த கபிலமும் கருநாவலுமாகப் புள்ளி நெருக்கமாகத் தெளித்திருக்கும். கடைசி முட்டை விழுந்ததும் அம்மாவின் வேலை முடிந்தது. அவள் போய் மறுபடி உறுமத் தொடங்குவாள், அடுத்த ஆணுக்காக. அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது, இரை காட்டுவது, நாய் வந்தால் ஏமாற்றி இழுத்துப் போவது, அத்தனையும் ஆணின் தலையில். ஒரு பருவத்தில் ஒரு பெண் இப்படிப் பல ஆண்களுக்கு அடுத்தடுத்து முட்டை போட்டுக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தரைக்கூடு எந்த நேரமும் அழியலாம். கீரி, உடும்பு, சாரைப்பாம்பு, காகம், நாய், மாடு மிதித்தல், இப்போது வெட்டு மெசின். ஒரே கூட்டில் உட்கார்ந்து அதைக் காப்பாற்றப் பாடுபடுவதைவிட, திரும்பத் திரும்பப் பல இடத்தில் முட்டை போடுவது இந்தப் பறவைக்குக் கைகொடுக்கிறது. அடைகாலமும் குறைவு, 12 முதல் 14 நாள்தான். கோழிக்கு 21 நாள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. புல் அடியில் ஒரு சின்னக் குழி, அதில் காய்ந்த புல் மெத்தை. சில கூடுகளில் மட்டும் சுற்றியுள்ள புல்லை மேலே வளைத்துக் கூரை மாதிரி இழுத்து, பக்கத்தில் ஒரு வாசல் விட்டிருக்கும். நான் இரண்டு கூடுகள்தான் இதுவரை கண்டிருக்கிறேன், இரண்டுமே தற்செயலாக. ஒன்றில் ஆண் கிட்டத்தட்ட என் செருப்புக்குக் கீழே வரும்வரை அசையவில்லை.

குஞ்சு பொரித்தவுடன் பார்த்தால் பெரிய கரப்பான் பூச்சி ஒன்று ஓடுகிறது என்றுதான் நினைப்பீர்கள். உலர்ந்த கையோடு ஓடத் தொடங்கிவிடும். ஆனால் கோழிக்குஞ்சு மாதிரித் தானாகக் கொத்தித் தின்னாது, முதல் சில நாட்களுக்குத் தகப்பன் சின்னப் புழு பூச்சியை அலகு நுனியில் பிடித்து நீட்ட வேண்டும், குஞ்சு அதிலிருந்து வாங்கும். நீங்கள் கேட்ட ‘பிடித்து வளர்க்கலாமா’ என்பதற்கு முதல் தடை இதுதான். நீங்கள் தட்டில் குருணை போட்டு வைத்தால் அது அந்தத் தட்டின் பக்கத்திலேயே பட்டினி கிடந்து செத்துப் போகும்.

இந்தத் தலைகீழ்க் குடும்பம் இது ஒன்றுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கந்தளாய்க் குளத்திலோ தம்பலகாமத்துப் பக்கம் தாமரை கிடக்கிற குளங்களிலோ நீளவால் இலைக்கோழியைக் கண்டிருப்பீர்கள், இலை மேல் நடக்குமே, அதிலும் முட்டையில் உட்கார்வது ஆண். சேற்று வயலில் இருக்கிற மயில் உள்ளானும் அப்படித்தான், பெண் செம்பழுப்புக் கழுத்தோடு அழகாக இருக்கும், ஆண் மங்கல், அடைகாப்பதும் அதுவே. மூன்றுமே அந்த உள்ளான், ஆலா வரிசைக்குள் வருகிறவை. ஆனால் குறுங்காடை மற்ற இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம் இல்லை, அந்த வரிசைக்குள்ளேயே வேறு கிளை, ஆக இந்த ஏற்பாடு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தனித்தனியாக உருவாகியிருக்கிறது. ஒரே மாவட்டத்தில், சைக்கிளில் ஒரு காலைப்பொழுதில், இப்படி மூன்று பறவைகளைப் பார்த்துவிடலாம். நிலாவெளிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் திமிங்கிலம் பார்க்கக் காசு கட்டுகிறார்கள், நம்மவர்களுக்கு இது இலவசம், யாரும் பார்ப்பதில்லை.

பெண் சண்டைக்காரி என்று சொன்னேன் அல்லவா. அதை வைத்தே இதைப் பிடித்தார்கள். ஜெர்டன் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1860களில் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூலில் தென்னிந்தியப் பக்கத்து முறையை விவரித்திருக்கிறார். பழக்கிய ஒரு பெட்டையைச் சின்னக் கூண்டில் வைத்துப் புல்வெளியில் விடுவார்கள். அது உறுமும். இதைக் கேட்டு அந்த இடத்துக்காரி சண்டைக்கு ஓடி வருவாள், கூண்டைத் தொட்டதும் பொறி விழும். ஒரே பற்றையில் பன்னிரண்டு முதல் இருபது வரை பிடிபட்டதுண்டு, பிடிபட்டவை எல்லாமே பெண். அவற்றில் பல முட்டை போடும் தறுவாயில் இருந்தவை என்பதால், பிடித்தவன் ஜெர்டன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சாக்குக்குள்ளேயே முட்டை போட்டுவிடுமாம்.

காடைச் சண்டை என்பது தமிழில் புதிதல்ல. காடைக்குப் பழைய பெயர் பூழ், குறும்பூழ். கலித்தொகையில் ‘குறும்பூழ்ப் போர்’ வருகிறது, தலைவன் வேறு எங்கோ போய்விட்டு வந்து, காடைச் சண்டை பார்க்கப் போனேன் என்று மனைவியிடம் கதை விடுகிறான். சங்க இலக்கியத்துச் சாட்டு. உண்மையான காடையில் சண்டை பிடிப்பது சேவல், நம்முடைய குறுங்காடையில் பெட்டை.

பிடித்த கதை என்னிடமும் ஒன்று இருக்கிறது, பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும், மச்சான் ஒருவன் நைலோன் நூலில் கண்ணி வைத்து ஒன்றைப் பிடித்தான். கறுத்தக் கழுத்து, ஆக பெண், அப்போது அது தெரியாது. பிஸ்கட் பெட்டியில் வைத்து மேலே பலகையை மூடினோம். இந்தப் பறவைக்குப் பயம் வந்தால் பக்கவாட்டில் ஓடாது, நேர் மேலே அம்பு மாதிரி எழும்பும். இரவு முழுக்க டக், டக் என்று பலகையில் தலை மோதிய சத்தம் கேட்டது. விடிய உச்சந்தலை தோல் கிழிந்து செத்துக் கிடந்தது. அப்பம்மா ஏசிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. பிற்காலத்தில் படித்தபோதுதான், இவற்றைக் கூண்டில் வைக்கிறவர்கள் கூரையைத் துணியாலோ மெத்தென்ற வலையாலோ கட்டுவதே இதற்காகத்தான் என்று தெரிந்தது.

இப்போது கடைக் காடை. அது ஜப்பானியக் காடை, கோத்தூர்னிக்ஸ் ஜபோனிக்கா. இது அசல் காடை, கோழிக் குடும்பம், பின்விரல் உண்டு. ஜப்பானில் முதலில் இதைக் கூவுகிற சத்தத்துக்காகத்தான் வளர்த்தார்கள், 20ஆம் நூற்றாண்டில்தான் முட்டைக்கும் இறைச்சிக்கும் என்று பண்ணை ஆனது. ஆறு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும், முட்டை 10 கிராம் சொச்சம், 17, 18 நாளில் பொரிக்கும், பறவை நம்முடைய குறுங்காடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் பாரம். விண்வெளிக்குக்கூடப் போயிருக்கிறது, 1990இல் மீர் விண்நிலையத்தில் இதன் முட்டைகள் பொரித்துக் குஞ்சு வந்தன. ஒரு வேடிக்கை, பண்ணையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இந்தப் பெட்டைகள் அடைகாப்பதை ஏறக்குறைய மறந்தே போய்விட்டன, இன்குபேட்டர்தான் தாய்.

மூதூர், கிண்ணியா முஸ்லிம் நண்பர்கள், குர்ஆனில் இஸ்ரவேலருக்கு இறங்கிய உணவாக வருகிற ‘மன்னு ஸல்வா’வைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஸல்வா காடை என்றே பெரும்பாலும் பொருள் கொள்ளப்படுகிறது. பைபிளின் யாத்திராகமத்திலும் அவர்களுடைய பாளயத்தை மூடுகிற அளவு காடைகள் வந்து விழுகின்றன. அதற்குப் பொருந்துகிற பறவை ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையில் வலசை போகிற சாதாரணக் காடை, ஜப்பானியக் காடையின் நெருங்கிய உறவு. கடலைத் தாண்டிக் களைத்து, எகிப்துக் கரையிலும் சினாய்ப் பக்கத்திலும் கூட்டமாக இறங்கும், ஓடக்கூடத் தெம்பு இருக்காது, கையால் பொறுக்கலாம். அந்த இனத்தை உங்கள் மாமாவின் வயலில் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்போ இலங்கையில் உண்மையான காட்டுக் காடையே இல்லையா? இருக்கிறது. நீலமார்புக் காடை என்று ஒன்று, உண்மையான காடைகளில் மிகச் சிறியது, ஆண் கருநீலச் சாம்பல் நிறத்தில், வயிறு செங்கபிலம், தொண்டையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கழுத்துப்பட்டி கட்டியதுபோல் இருக்கும், பார்த்தால் யாரோ வர்ணம் தீட்டியது என்று நினைப்பீர்கள். ஆனால் அது பெரும்பாலும் ஈர வலயத்துச் சதுப்புப் புல்வெளிக்காரன். இன்னொன்று புதர்க்காடை, ஊவா மலைச் சரிவின் கிழக்குப் பக்கம்தான் அதன் வட்டாரம், சின்னக் கூட்டமாகத் திரியும், மிதிபடப்போகிற நேரத்தில் பட்டாசு வெடித்த மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் நாலா பக்கமும் சிதறும். காடை கவுதாரி என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, அந்தக் கவுதாரி புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் என்று மற்றக் கரையில். எனவே திருகோணமலை வயல் வெளியில் ‘காடை’ என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குறுங்காடைதான். சிங்களத்திலும் வட்டுவா என்ற ஒரே சொல்லுக்குள் காடைகளோடு இதையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், இந்தக் குழப்பம் நம்முடையது மட்டுமில்லை.

எங்கே இருக்கும்? அடர்காட்டில் இல்லை, வெறும் கட்டாந்தரையிலும் இல்லை. முழங்கால் உயரப் புல், இடையிடையே மண் தெரிகிற இடம், பக்கத்தில் ஒதுங்க ஒரு பற்றை. சேனை விட்ட நிலம், தென்னந்தோட்டத்து அடி, வயல் வரம்பின் நாயுருவிப் புதர், வெட்டு முடிந்த வயலின் ஓரம். குச்சவெளிப் பக்கம், கன்னியாவைச் சுற்றிய பற்றைகள், தோப்பூர், வெருகல் வழி, எல்லா இடத்திலும் நான் கேட்டிருக்கிறேன், பார்த்தது அதில் கால்பங்கு. உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் ஆட்கள் விட்டுப்போன வயல்களில் முதல் சில வருடம் எக்கச்சக்கமாக இருந்தன, பிறகு பற்றை ஆள் உயரம் ஏறியதும் காணாமல் போயின. பாழ் நிலமும் அதிகம் பாழாகிவிட்டால் இதற்கு ஆகாது.

தின்பது புல் விதை, சிந்திய நெல், இளம் தளிர், எறும்பு, கறையான், சின்ன வண்டு. நெல்லை அழிக்கிறது என்று சிலர் பயப்படுகிறார்கள், கதிரில் ஏறித் தின்கிற பறவை இல்லை இது, உதிர்ந்ததைப் பொறுக்குவதுதான். தூசுக் குளியல் மிகவும் பிடிக்கும், மாட்டுவண்டித் தடத்தின் நடுவில் சட்டி மாதிரிச் சின்னக் குழி கண்டால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இனத்துக்கு வருடத்தில் ஒரே கூடுகட்டும் காலம் என்று கிடையாது, இடத்துக்கு இடம் மழையைப் பொறுத்து மாறும். இங்கே மார்கழி மழை விட்டுப் புல் விதை பிடிக்கிற நேரத்தில் உறுமல் கூடுகிறது, பிறகு சிறுபோகம் செய்கிற கந்தளாய், தம்பலகாமப் பகுதிகளில் மறுபடி ஒரு சுற்று. இது என் காதுக் கணக்கு. இனம் அழியும் ஆபத்தில் இல்லை, உலகப் பட்டியலில் கவலைக்கிடமில்லாத வகையில்தான் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் வரம்புப் புல்லுக்கு மருந்தடித்து மொட்டையாக்குகிற பழக்கம் வந்தபிறகு நம்முடைய வயலில் குறைந்திருக்கிறது. கூட்டை அழிப்பது மட்டுமில்லை, குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியும் இல்லாமல் போகிறது. வரம்பில் ஒரு பக்கத்தையாவது மருந்தடிக்காமல் கையால் வெட்டிவிடச் சொல்லி மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆக, முட்டைக்காக என்றால் ஜப்பானியக் குஞ்சு பத்து வாங்குங்கள், இரண்டு மாதத்துக்குள் முட்டை கையில். இதை விட்டுவிடுங்கள். காட்டுப் பறவையைப் பிடித்து அடைத்தால் சட்டச் சிக்கலும் வரும், நாளொன்றுக்கு இருநூறு கறையான் அலகளவு துண்டாக ஊட்டுகிற பொறுமையும் உங்களுக்கு இருக்காது.

பார்க்க ஆசை என்றால் விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், அல்லது வெயில் தாழ்ந்தபிறகு, மண் பாதையில் மெதுவாகச் சைக்கிளில் போங்கள். நடந்து தேடினால் காலடியில் இருந்து விர்ரென்று கிளம்பி, புல்லுக்கு மேலால் தாழப் பறந்து விழும், பறக்கும்போது செட்டையின் தோள் பக்கம் வெளிர்மஞ்சள் திட்டு தெரியும். விழுந்த இடத்துக்கு ஓடாதீர்கள், அங்கே இருக்காது, விழுந்ததும் ஓடிவிடும், இரண்டாவது தடவை லேசில் கிளப்ப முடியாது. கந்தளாய்ப் பக்கம் பற்றைக்குள் தனியாக இறங்க வேண்டாம், காடை தேடிப் போய் யானையிடம் மாட்டினவர்கள் உண்டு.

குஞ்சுகளைக் கண்ட அதே வரம்புக்கு ஒரு கிழமை கழித்து விடியப் போய்ச் சும்மா குந்தியிருங்கள். அப்பன் குஞ்சுகளோடு அதே சுற்றுவட்டத்தில்தான் இருப்பான். தூரத்தில் லேண்ட்மாஸ்டர் ஓடுகிற சத்தம் கேட்டு, அந்தப் பக்கம் லேண்ட்மாஸ்டர் ஒன்றும் இல்லாவிட்டால், அது அம்மா. நேரத்தையும் இடத்தையும் குறித்து எழுதுங்கள், சிறுபோகத்துக்கு ஊர் வரும்போது நானும் வந்து கேட்கிறேன்.